ஒன்பது லிட்டர் அருவி

2020-ஆம் ஆண்டு ஆனிச் சாரல் வழக்கம்போலத்தான் வந்தது. செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று இறங்கியது, திரிகூட மலையில் மேகம் கவிந்தது, ஐந்தருவியின் கிளைகளில் தண்ணீர் விழுந்தது. ஆள்தான் இல்லை. எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் இல்லை. ரம்புத்தானும் மங்குஸ்தானும் கூறு கட்டி விற்கிறவர்கள் இல்லை. ஈரத் துண்டோடு முண்டியடிக்கும் கூட்டம் இல்லை. கொரோனாவால் அருவிகளில் குளிக்கத் தடை. சீசன் என்ற சொல்லுக்கே அந்த ஆண்டு குற்றாலத்தில் பொருள் இல்லாமல் போயிற்று.

கூட்டமெல்லாம் வேறு இடத்தில் இருந்தது. குற்றாலம் இருக்கும் தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 22-இல். தமிழகத்தின் முதல் கொரோனா தொற்று உறுதியானது 2020 மார்ச் 7-இல். அப்போது தென்காசி மூன்றரை மாதமே ஆன மாவட்டம். மேற்கே புளியரைச் சோதனைச் சாவடியைத் தாண்டினால் கேரளம். இந்தியாவின் முதல் தொற்று 2020 ஜனவரி 30-இல் பதிவானது அந்த மாநிலத்தில்தான். புது மாவட்டத்தின் மருத்துவமனைகளில் அருவியே கண்டிராத நெரிசல் கூடப்போகிறது என்பது சாரல் தொடங்குமுன்பே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அப்படியொரு மருத்துவமனையின் கொரோனா வார்டில் டூட்டி பார்க்கும் செவிலியர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம். குறிப்பிட்ட யாரையும் மனதில் வைத்து நான் சொல்லவில்லை. வெளிப்பார்வைக்கு ஒரு குறையும் இல்லாதவர். நன்றாக நடப்பார், நன்றாகச் சிரிப்பார். அவருக்கு நாள்பட்ட குடல் அழற்சி நோய் இருக்கிறது. பஞ்சாபின் லூதியானா மருத்துவர்கள் நடத்தி 2003-இல் வெளியிட்ட ஆய்வு, அங்கே லட்சம் பேரில் சுமார் 44 பேருக்கு அதன் ஒரு வகையான பெருங்குடல் புண் நோய் இருப்பதாகக் கண்டது. அந்தக் கணக்கை நம் மாநிலத்துக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் பல லட்சம் மருத்துவப் பணியாளர்கள் உள்ள நாட்டில், கவச உடைக்குள் நின்றவர்களில் நூற்றுக்கணக்கானோராவது இந்த நோயோடு நின்றிருப்பார்கள். அந்தச் செவிலியர் கற்பனை ஆள். அரிய ஆள் இல்லை.

அவருடைய கஷ்டத்தைப் புரிந்துகொள்ள, முதலில் நம் எல்லோருடைய வயிற்றுக்குள்ளும் விழும் ஓர் அருவியைப் பார்க்க வேண்டும்.

ஒரு நாளில் நாம் குடிப்பதும் உணவோடு உட்கொள்வதுமாகச் சுமார் இரண்டு லிட்டர் நீர் உள்ளே போகிறது. உடம்பு அதோடு விடுவதில்லை. எச்சில், இரைப்பை நீர், பித்தம், கணைய நீர், குடற்சுவரே சுரக்கும் நீர் என்று தன் பங்குக்கு ஏழு லிட்டரை அதன்மேல் ஊற்றுகிறது. ஆக ஒன்பது லிட்டர். அவ்வளவு நீர், தினமும், ஓசையில்லாமல் குடலில் இறங்குகிறது. சிறுகுடல் அதில் ஏழு, ஏழரை லிட்டரைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. மிச்சம் ஒன்றரை லிட்டர்போலப் பெருங்குடலுக்கு வரும். பெருங்குடல் அதையும் வாங்கிக்கொண்டு, கடைசியில் வெளியே விடுவது ஒரு டம்ளருக்கும் குறைவு. மலையுச்சியில் ஒன்பது லிட்டர் புறப்பட்டு அடிவாரத்தில் ஒரு டம்ளர் வந்து சேரும் அருவியை யாராவது கண்டதுண்டா? நமக்குள்தான் இருக்கிறது. இந்த வாங்கல் கொடுக்கல் கணக்கில் சிறு பிசகு நேர்ந்தால் போதும், நம் ஊரில் சொல்வதுபோல ‘வயித்தால போக’ ஆரம்பித்துவிடும்.

இந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்வது ஒரே ஒரு செல் தடிமனுள்ள படலம். அதன் செல்கள் மூன்று முதல் ஐந்து நாளுக்கொரு முறை உதிர்ந்து புதிதாக முளைக்கின்றன. இந்தக் கட்டுரையை இன்று வாசிக்கும் உங்கள் குடலின் உட்பூச்சு அடுத்த வாரம் இருக்காது. படலத்துக்கு அந்தப் பக்கம் பாக்டீரியாக்கள். ஒரு மனித உடலில் வாழும் பாக்டீரியாக்களின் எண்ணிக்கை சுமார் 38 லட்சம் கோடி என்று 2016-இல் ரான் மிலோவும் உடன் ஆய்வாளர்களும் மதிப்பிட்டார்கள். உடலின் சொந்தச் செல்களே 30 லட்சம் கோடிதான். விருந்தாளிகள் வீட்டுக்காரர்களைவிட அதிகம். அவர்களில் பெரும்பாலோர் இருப்பது பெருங்குடலில். நடுவே ஒரு வழவழப்பான கோழைப் படலம், அதற்குப் பின்னால் உடலின் மிகப் பெரிய எதிர்ப்பாற்றல் படை. அந்தப் படையின் அன்றாட வேலை சண்டை போடுவது இல்லை. கோடானுகோடி அந்நியர் வாசலில் நிற்கும்போது கத்தியை உருவாமல் இருப்பதுதான் அதன் வேலை.

குடல் அழற்சி நோயில் அந்தப் பொறுமை உடைகிறது. மரபணுவும் பாக்டீரியாக்களின் மாற்றமும் சூழலும் சேர்ந்து எப்படியோ தூண்ட, படை வாசலிலேயே சண்டையைத் தொடங்கி, தொடங்கியதை நிறுத்தத் தெரியாமல் தொடர்கிறது. பெருங்குடலின் உட்பூச்சில் மட்டும் புண் படர்ந்தால் அது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். லண்டனின் சாமுவேல் வில்க்ஸ் 1859-இல் எழுதிய குறிப்பிலிருந்து அதன் மருத்துவ வரலாறு தொடங்குகிறது. வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கே வேண்டுமானாலும், சுவரின் முழுத் தடிமனையும் துளைத்துக்கொண்டு வந்தால் அது க்ரோன் நோய். நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த பரில் க்ரோன், லியோன் கின்ஸ்பர்க், கார்டன் ஓப்பன்ஹைமர் மூவரும் 1932-இல் விவரித்தது. இரண்டும் தீர்ந்து போகிற நோய்கள் இல்லை. அடங்கும், பிறகு கிளம்பும். அடங்கியிருக்கும் மாதங்களில் ஆளைப் பார்த்து யாரும் நோயாளி என்று சொல்ல முடியாது.

நம் நாட்டில் இதற்கு இன்னொரு சிக்கல். சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் க்ரோன் நோய் செய்கிற அதே தடிப்பையும் புண்ணையும் குடல் காசநோயும் செய்யும். இரண்டையும் பிரித்தறிவதற்காக இந்திய மருத்துவர்கள் காலங்காலமாக மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். காசநோயை க்ரோன் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தால் காசநோய் கொழுந்துவிடும். க்ரோனைக் காசநோய் என்று நினைத்தால் பல மாதம் தவறான மாத்திரையில் போய்விடும். எனவே நம் செவிலியர் கையில் சரியான நோய்ப்பெயர் எழுதிய ஒரு சீட்டு வந்து சேரவே சில ஆண்டுகள் ஆகியிருக்கலாம்.

இனி அவருக்குக் கவச உடையை மாட்டுவோம்.

கொரோனாவின் தொடக்கத்தில் இந்தியாவில் இந்த உடை போதிய அளவு இல்லை. தைத்த உடைகள் தரமானவையா என்று சோதிக்கும் வேலையை முதலில் ஏற்றது கோயம்புத்தூரில் உள்ள தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சி நிலையம், நம் வாயில் சிட்ரா. துணியின்மேல் செயற்கை இரத்தத்தை அழுத்தத்தோடு பாய்ச்சுவார்கள். ஒரு துளி மறுபுறம் தெரிந்தாலும் அந்தத் துணி தேறாது. தேறிய துணி இரத்தத்தை உள்ளே விடாது. அதே காரணத்தால் வியர்வையையும் லேசில் வெளியே விடாது. மின்விசிறி நிறுத்திய வார்டில், முகக் கவசமும் கண்ணாடியும் இரட்டைக் கையுறையுமாக ஆறு மணி நேரம் நின்றவர்களுக்குத்தான் அது என்னவென்று தெரியும். உடையைக் கழற்றினால் மறுபடி அணிய முடியாது, புது உடை எடுக்க வேண்டும். எடுக்க உடை இருக்க வேண்டும். அதனால் டூட்டிக்கு முன் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள். பெரியவர்களுக்கான டயப்பர் கட்டிக்கொண்டு வார்டுக்குள் போனவர்கள் உலகமெங்கும் இருந்தார்கள். ஆரோக்கியமான உடம்புக்கே இந்த நிலை.

மலக்குடல் என்பது பெருங்குடலின் கடைசிப் பகுதி, ஒரு தற்காலிகக் கிடங்கு. நல்ல நிலையில் அதன் சுவர் இளகிக்கொடுக்கும். உள்ளே ஏதாவது வந்தால் ‘வந்திருக்கிறது’ என்று ஒரு செய்தி அனுப்பும். நாம் ‘இப்போது வேண்டாம்’ என்றால் சுவர் கொஞ்சம் விரிந்து இடம் கொடுத்து அமைதியாகிவிடும். கல்யாணப் பந்தியிலும் பஸ் பயணத்திலும் நாம் நிம்மதியாக உட்கார்ந்திருப்பது இந்த இளக்கத்தின் தயவில்தான். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் பெரும்பாலும் முதலில் தாக்கும் இடமும் இதுவே. வீங்கிப் புண்ணான சுவர் விரைத்துப்போகிறது, விரிவதில்லை. நரம்புகள் எரிச்சலில் இருக்கின்றன. ஒரு கரண்டி அளவு வந்தாலும் முழுக் கிடங்கும் நிறைந்ததுபோல அபாயச் செய்தி போகிறது. ‘பொறு’ என்ற சொல்லுக்கு அந்தச் சுவரிடம் பதில் கிடையாது. நோய் கிளம்பியிருக்கும் நாளில் உணர்வு தோன்றுவதற்கும் போய்ச் சேர வேண்டியதற்கும் நடுவே ஒரு சில நிமிடங்களே கிடைக்கும். அப்படி நாளொன்றுக்கு ஆறு முறை, பத்து முறை.

கவச உடைக்கும் ஒரு கடிகாரம் உண்டு. அதைக் கழற்ற ஒரு வரிசை இருக்கிறது. தனி அறைக்கு வர வேண்டும். ஒவ்வொரு உறுப்பாகக் கழற்ற வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நடுவே கையைச் சுத்தம் செய்ய வேண்டும். வெளிப்புறம் தோலில் படாமல் உள்ளிருந்து சுருட்டி இறக்க வேண்டும். மருத்துவப் பணியாளருக்குத் தொற்று ஒட்டிக்கொள்ளும் ஆபத்து அதிகமாவது நோயாளியின் அருகே நிற்கும்போதைவிட உடையைக் கழற்றும் நேரத்தில்தான் என்று பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். அவசரப்படாதே என்பது அங்கே முதல் விதி. அவருடைய குடலோ அவசரப்படு என்கிறது. இரண்டு கடிகாரங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட அந்த நிமிடங்களைப் பற்றி எந்த மருத்துவப் பாடநூலிலும் தனி அத்தியாயம் இருக்காது. இந்த நோயோடு பெருந்தொற்றுக் காலத்தில் வேலை பார்ப்பது என்பதன் நடுப்புள்ளி அதுதான் என்று நான் நினைக்கிறேன். நுரையீரலைப் பற்றிய பயத்துக்கு முன்னால் கழிப்பறையைப் பற்றிய பயம்.

தண்ணீரை நிறுத்தினால் தீருமா? அதுவும் அவருக்கு ஆபத்து. ஒன்பது லிட்டர் கணக்கில் ஏற்கெனவே ஒழுகல் உள்ள உடம்பு அது. வியர்வையில் இன்னொரு ஒழுகல். குடல் அழற்சி கிளம்பியிருக்கும்போது இரத்தம் நாளங்களுக்குள் உறைந்து கட்டிதட்டும் வாய்ப்பு கூடும். கொரோனாவும் அதையேதான் செய்தது. நீர் வற்றிய உடம்பு இரண்டுக்கும் கதவைத் திறந்து வைக்கிறது. அதனால் அவருடைய கைப்பையில் மாத்திரையோடு ஓஆர்எஸ் பொட்டலமும் இருக்க வேண்டும்.

அந்தப் பொட்டலத்துக்குத் தமிழ்நாட்டில் ஒரு பெருமைக்குரிய கிளைக்கதை உண்டு. உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் சேர்ந்தால் சிறுகுடல் இரண்டையும் சேர்த்து வாங்கும், தண்ணீர் பின்னாலேயே போகும். 1971-இல் வங்கதேச அகதி முகாமில் திலீப் மகலனாபிஸ் இதைக் கொண்டு காலராவில் சாகக் கிடந்தவர்களைப் பிழைக்க வைத்தார். அது சிறுகுடலின் கதை. பெருங்குடலையும் வேலைக்கு அழைக்க முடியாதா என்று கேட்டவர்கள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் உடன் பணியாற்றியவர்களும். எளிதில் செரிக்காத ஒரு மாவுச்சத்தைக் கரைசலில் சேர்த்தார்கள். அது சிறுகுடலைத் தாண்டிப் பெருங்குடலுக்குப் போயிற்று. அங்கே பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்துச் சிறு கொழுப்பு அமிலங்களாக்கின. அந்த அமிலங்களைப் பெருங்குடல் உறிஞ்சும்போது உப்பும் நீரும் கூடவே உள்ளே வந்தன. காலரா நோயாளிகளின் வயிற்றுப்போக்கு வழக்கமான கரைசலைவிட விரைவில் குறைந்ததை அவர்கள் 2000-இல் வெளியிட்டார்கள். விருந்தாளிகளான பாக்டீரியாக்களையே வேலைக்காரர்களாக்கிய மருந்து அது. அந்தச் சிறு அமிலங்கள் பெருங்குடல் செல்களுக்கு உணவும்கூட. பழைய சோறு குடல் அழற்சி நோயாளிகளுக்கு என்ன செய்கிறது என்று சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியின் குடல் அறுவைச் சிகிச்சைத் துறையினர் ஆராய முனைந்ததை இந்த வெளிச்சத்தில் பார்த்தால் அது வெறும் ஊர்ப்பாசம் இல்லை என்று புரியும்.

வைரஸுக்கு வருவோம். கொரோனா நம் செல்லுக்குள் நுழைய ஏஸ்-2 என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. எல்லோரும் நுரையீரலையே பார்த்துக்கொண்டிருந்தபோது குடல் மருத்துவர்களுக்கு ஒரு விஷயம் உறுத்தியது: ஏஸ்-2 மிகுதியாக இருக்கும் இடங்களில் முன்வரிசையில் நிற்பது சிறுகுடல். அங்கே அது வைரஸுக்காகக் காத்திருக்கவில்லை. நாம் தின்ற பருப்பிலிருந்தும் மீனிலிருந்தும் கிடைக்கும் அமினோ அமிலங்களை உள்ளே வாங்கும் வாயிலைத் தாங்கிப் பிடிக்கும் வேலை அதற்கு. எலிகளில் அந்தப் புரதத்தை நீக்கினால் குடல் எளிதில் அழற்சிக்கு ஆளாகிறது என்று 2012-லேயே ஓர் ஆய்வு காட்டியிருந்தது. 2020-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள், ஆய்வகத்தில் வளர்த்த குட்டி மனிதக் குடல்களில் வைரஸ் நன்றாகப் பெருகுவதைக் கண்டார்கள். நோயாளிகளின் மலத்தில் வைரஸின் மரபுப்பொருள் கிடைத்தது. ஊர்ச் சாக்கடை நீரைச் சோதித்தே தொற்று கூடுகிறதா குறைகிறதா என்று சொல்ல முடிந்ததும் அதனால்தான்.

இதையெல்லாம் படித்த நம் செவிலியருக்கு என்ன தோன்றியிருக்கும்? ‘என் குடல் ஏற்கெனவே புண். வாசல் அங்கேதான் இருக்கிறதாம். நான் விழுங்குவதோ எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரை.’ ஊரெல்லாம் எதிர்ப்பு சக்தியைக் கூட்டிக்கொள்ளுங்கள் என்று பேசிக்கொண்டிருந்த காலத்தில், அதைக் குறைக்கும் மருந்தைத் தினமும் காலையில் போட்டுக்கொண்டு கொரோனா வார்டுக்குப் போவது சாதாரணக் காரியமா? மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று தோன்றுவது இயல்பு. நிறுத்தினால் குடல் கிளம்பும். கிளம்பினால் ஆஸ்பத்திரிப் படுக்கை. அந்தப் படுக்கை கொரோனா வார்டுக்குப் பக்கத்தில். பல வாரம் ஸ்டீராய்டு எடுத்தவர் திடீரென்று நிறுத்தினால், தூங்கிப்போன அட்ரீனல் சுரப்பி எழுவதற்குள் உயிருக்கே ஆபத்து வரலாம். தாங்களாக எதையும் நிறுத்த வேண்டாம் என்று குடல் மருத்துவ சங்கங்கள் கேட்டுக்கொண்டன. ஆனால் 2020 மார்ச்சில் அந்த ஆலோசனைக்குப் பின்னால் அனுபவம் இருந்தது, எண்ணிக்கை இல்லை.

எண்ணிக்கையை உருவாக்கிய விதம் எனக்கு இந்தப் பெருந்தொற்றின் மிக அழகான காரியங்களில் ஒன்றாகப் படுகிறது. அமெரிக்காவைச் சேர்ந்த சில குடல் மருத்துவர்கள் அதே மார்ச் மாதத்தில் செக்யூர்-ஐபிடி என்ற பொதுப் பதிவேட்டைத் திறந்தார்கள். உலகில் எங்கே ஒரு குடல் அழற்சி நோயாளிக்குக் கொரோனா வந்தாலும், அவருடைய மருத்துவர் சில நிமிடங்களை ஒதுக்கி வயது, மருந்து, விளைவு ஆகியவற்றைப் பதிய வேண்டும். பெயர் கூடாது. ஊரடங்கில், களைப்பில், தங்கள் வார்டுகள் நிரம்பி வழியும்போது மருத்துவர்கள் பதிந்தார்கள். சில வாரங்களில் 33 நாடுகளிலிருந்து 525 நோயாளிகள். வந்த முடிவு பலரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. எதிர்ப்பாற்றலின் ஒரு முக்கியத் தூதுவனான டிஎன்எஃப்-ஐக் கட்டிப்போடும் இன்ஃப்ளிக்சிமாப் போன்ற வலிமையான ஊசிகளைப் போட்டவர்களுக்கு நோய் கடுமையாகும் வாய்ப்பு கூடவில்லை. கூடியது வயதானவர்களுக்கும், வேறு நோய்கள் உள்ளவர்களுக்கும், எல்லோருக்கும் பழக்கமான பழைய ஸ்டீராய்டு மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தவர்களுக்கும். மற்றக் காரணங்களைக் கழித்துப் பார்த்தாலும் ஸ்டீராய்டு எடுத்தவர்களிடம் கடும் நோய்க்கான சாத்தியம் ஏறக்குறைய ஏழு மடங்கு தெரிந்தது.

இது வெளியான சில வாரங்களில், 2020 ஜூன் 16-இல், பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு தன் முடிவை அறிவித்தது. கொரோனாவில் உயிரைக் காக்கும் முதல் மருந்து கிடைத்துவிட்டது. அது டெக்ஸாமெத்தசோன். ஒரு ஸ்டீராய்டு!

செயற்கை சுவாசத்தில் இருந்தவர்களில் அந்த மருந்து பெறாதவர் நூற்றுக்கு 41 பேர் இறந்தார்கள், பெற்றவரில் 29 பேர். ஒரே குடும்பத்து மருந்து, ஒரு கட்டுரையில் ஆபத்து, இன்னொரு கட்டுரையில் காவல். முரண் போலத் தெரியும். ரெக்கவரி ஆய்வின் மூன்றாவது வரிசையைப் பார்த்தால் முரண் கரைந்துவிடும். ஆக்சிஜன் தேவைப்படாத நோயாளிகளுக்கு அதே மருந்தால் பலனே இல்லை. கொடுத்தவர்களில் நூற்றுக்கு 18, கொடுக்காதவர்களில் 14 என்று இறப்பு சற்றுக் கூடுதலாகக்கூடத் தெரிந்தது.

கொரோனாவுக்கு இரண்டு பருவம். முதல் வாரம் வைரஸின் வாரம். அப்போது இன்டர்ஃபெரான் என்ற அபாயச் சங்கு ஊத வேண்டும், படை விரைந்து வர வேண்டும். அந்த நேரத்தில் ஏற்கெனவே ஸ்டீராய்டில் ஊறியிருக்கும் உடம்பில் சங்கு தாமதமாகிறது, வைரஸ் தடையின்றிப் பெருகுகிறது. இரண்டாம் வாரத்தில் வைரஸ் தணிந்துவரும். வந்த படை திரும்பிப் போகாமல் நுரையீரலையே உடைக்கத் தொடங்கும். அப்போது ஸ்டீராய்டு உயிர் காக்கிறது. ஐந்தருவியில் குளித்துப் பழகியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சாரல் காலத்தில் தலையில் வாங்கிச் சிரிக்கிற அதே தண்ணீர்தான், மலையில் பெருமழை கொட்டிச் செம்மண் நிறத்தில் இறங்கும்போது போலீஸ்காரர் விசில் ஊதி எல்லோரையும் விரட்டுகிற வெள்ளம். தண்ணீரில் குற்றமில்லை, விசில் எப்போது ஊத வேண்டும் என்பதுதான் கேள்வி. தொடக்கத்திலேயே விசில் ஊதினால் யாரும் குளிக்க முடியாது. பிந்தினால் ஆளையே அடித்துப் போய்விடும்.

குடல் அழற்சிக்காரர்கள் இதைப் பெருந்தொற்றுக்கு முன்பே தங்கள் உடம்பில் அறிந்தவர்கள். எதிர்ப்பு சக்தி கூடினால் நல்லது, குறைந்தால் கெட்டது என்ற ஒற்றை அளவுகோல் அவர்களிடம் எப்போதுமே செல்லாது. அவர்களுக்கு நோயே அந்தச் சக்தி தணியத் தெரியாததால் வந்தது.

டிஎன்எஃப்-ஐக் கட்டிப்போடும் ஊசியில் நம் நாட்டில் முக்கியமான எச்சரிக்கை ஒன்று. நம்மில் பலருடைய நுரையீரலில் காசநோய்க் கிருமி உறங்கிக்கொண்டிருக்கிறது; அதைச் சிறைவைத்திருக்கும் சுவரைக் கட்டிக்காப்பது டிஎன்எஃப். ஊசி அந்தக் காவலைத் தளர்த்தும். எனவே இங்கே இந்த ஊசிக்கு முன் காசநோய்ச் சோதனை கட்டாயம். காசநோயாளிகளின் நடுவே வேலை பார்க்கும் செவிலியருக்கு அந்தச் சோதனை ஒருமுறையோடு முடிகிற விஷயம் இல்லை.

பெருந்தொற்றின் நடுவே இந்த நோயால் பதவி விலகிய ஒருவரை உலகமே பார்த்தது. அன்றைய ஜப்பான் பிரதமர் ஷின்சோ அபே, பதின்ம வயதிலிருந்து அல்சரேட்டிவ் கொலைட்டிஸோடு வாழ்ந்தவர். 2007-இல் ஒருமுறை விலகினார். புது மருந்தால் நோய் அடங்கி 2012-இல் திரும்பி வந்தார். 2020 ஆகஸ்ட் 28-இல், நோய் மீண்டும் கிளம்பிவிட்டது என்று நாட்டு மக்களிடம் வெளிப்படையாகச் சொல்லி மறுபடி விலகுவதாக அறிவித்தார். ஒரு பிரதமருக்கே அதைச் சொல்ல ஒரு பத்திரிகையாளர் கூட்டம் தேவைப்பட்டது.

தென்காசிச் செவிலியர் யாரிடம் சொல்வார்? 2020 மே மாதம் மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதல், எதிர்ப்பாற்றல் குறைந்த பணியாளர்களும் கர்ப்பிணிகளும் தங்கள் நிலையை மருத்துவமனை நிர்வாகத்திடம் தெரிவித்தால் கொரோனா அல்லாத பகுதிகளில் பணியமர்த்தலாம் என்றது. நல்ல ஏற்பாடு. ஆனால் அது ‘தெரிவித்தால்’ என்ற சொல்லில் தொங்குகிறது. சர்க்கரை என்று சொல்லலாம், பிரஷர் என்று சொல்லலாம், இதயம் என்றால் எழுந்து நின்று கேட்பார்கள். ‘எனக்கு ரத்தமும் சளியுமா வெளிக்குப் போகுது, சார், அடக்க முடியாது’ என்று மேலதிகாரியின் அறையில் நின்று எப்படிச் சொல்வது? சொன்னாலும், ஆள் நன்றாகத்தானே இருக்கிறார் என்று அந்த அறை நினைக்கும். அவர் டூட்டியிலிருந்து விலகினால் அந்த இரவை ஏற்கப்போவது கைக்குழந்தைக்காரியான இன்னொரு சிஸ்டர் என்பதும் அவருக்குத் தெரியும். சொல்லாமலே உள்ளே போனவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். அதைத் தியாகம் என்று நாம் கைதட்டிக் கடந்துவிடக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்கொரு முறை மாற்றிவிட ஓர் ஆள், கழற்றும் அறைக்குப் பக்கத்தில் ஒரு கழிப்பறை, கேள்வி கேட்காமல் கொடுக்க ஓர் உபரி உடை, இவ்வளவுதான் அவருக்குத் தேவைப்பட்டது.

2021 ஜனவரி 16-இல் இந்தியாவில் தடுப்பூசி தொடங்கியபோது முதல் வரிசை மருத்துவப் பணியாளர்களுக்கு. இங்கேயும் குடல்காரர்களுக்கு ஒரு தனிக் கேள்வி: அடக்கிவைத்த படைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தால் ஏறுமா? பிரிட்டனின் கிளாரிட்டி ஆய்வு இரண்டு மருந்துக்காரர்களை ஒப்பிட்டது. ஒன்று உடம்பு முழுக்க டிஎன்எஃப்-ஐக் கட்டும் இன்ஃப்ளிக்சிமாப். மற்றது வெடோலிசுமாப், அது குடலுக்குப் போகும் படைவீரர்களின் நுழைவுச்சீட்டை மட்டும் பறித்துக்கொள்ளும் மருந்து, மற்ற இடங்களில் அவர்கள் சுதந்திரம். இன்ஃப்ளிக்சிமாப் எடுத்தவர்களுக்கு முதல் தவணையில் எதிர்ப்புப் புரதம் குறைவாகவே உருவானது. இரண்டாம் தவணைக்குப் பிறகு பெரும்பாலோர் எட்டிப்பிடித்தார்கள், ஆனாலும் அளவு குறைவு, வடிவதும் சீக்கிரம். தவணைகளைத் தள்ளிப்போடக் கூடாதவர்கள் இவர்கள் என்பது அதில் தெரிந்தது. மூன்றாவது தவணை இங்கே மருத்துவப் பணியாளர்களுக்கு 2022 ஜனவரி 10-இல் தொடங்கியது.

தடை நீங்கி அருவியில் மறுபடி கூட்டம் வந்தபோது நம் செவிலியரும் வந்திருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன். நோய் அடங்கியிருக்கும் ஒரு மாதம். அக்கா குடும்பத்தோடு, தென்காசியிலிருந்து டவுன் பஸ்ஸில். ஐந்தருவியில் இறங்கியதும் எல்லோரும் தண்ணீர்ச் சத்தம் வரும் பக்கம் திரும்புவார்கள். அவர் ஒரு கணம் மற்றப் பக்கம் திரும்பி, கழிப்பறைப் பலகை எங்கே இருக்கிறது, அதுவரை எத்தனை எட்டு என்று கண்ணால் அளந்துகொள்வார். பிறகு கைப்பையை அக்காவிடம் கொடுத்துவிட்டு, பெண்கள் பக்கத்துக் கிளையில், கம்பியைப் பிடித்தபடி, தலையைக் கொடுப்பார்.